3200 என்று வாங்கிய ரேம் ஏன் 2400 என்று காட்டுகிறது?

கேள்வி: மகனின் படிப்புக்காகக் கடையில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துக் கணினி வாங்கினோம். ரைசன் 5 5600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. ரேம் பெட்டியில் டிடிஆர்4-3200 என்று அச்சிட்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 2400. சிபியு-இசட் மென்பொருளிலோ 1200தான். கடைக்காரர் எங்களை ஏமாற்றிவிட்டாரா, ஐயா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசரப்பட்டுக் கடைக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள், அம்மா. சிபியு-இசட்டில் எஸ்பிடி என்றொரு பக்கம் இருக்கும். அதில் எக்ஸ்எம்பி-3200 என்ற தலைப்பில் ஒரு பத்தியும், அதன் கீழ் 1600 என்ற எண்ணும் இருந்தால் உங்கள் கையில் இருப்பது 3200 ரேம்தான்.

1600 என்றதும் குழம்ப வேண்டாம். டிடிஆர் ரேம் கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் தரவை அனுப்புகிறது. ஆகவே துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 3,200 மில்லியன் பரிமாற்றங்கள். பெட்டியில் போடுவது பரிமாற்ற எண்ணிக்கை. சிபியு-இசட் காட்டுவது துடிப்பு. உங்கள் 1200-உம் 2400-உம் ஒன்றேதான்.

அப்படியானால் ஏன் 2400-இல் நிற்கிறது? ஒவ்வொரு ரேமிலும் ஒரு சிறு சில்லு இருக்கிறது. எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் ஓடலாம் என்ற அட்டவணை அதில் பதிந்திருக்கும். ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த வேகங்கள் ஒரு பக்கம். டிடிஆர்4-க்கு அவை 1.2 வோல்ட்டில் ஓடுபவை. தயாரிப்பாளர் சோதித்து உறுதியளிக்கும் கூடுதல் வேகம் இன்னொரு பக்கம். அது பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடும். இந்த இரண்டாவதற்குத்தான் எக்ஸ்எம்பி என்று பெயர், இன்டெல் 2007-இல் கொண்டுவந்த ஏற்பாடு. முதன்முறை இயங்கும்போது மதர்போர்டு பத்திரமான ஜெடெக் வேகத்தையே எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எம்பியை நாம்தான் இயக்க வேண்டும். பாகங்களைப் பொருத்திக் கணினி செய்து கொடுப்பவர்கள் இதைச் செய்துவிட்டே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காசு கொடுத்து வாங்கிய வேகம் ஆண்டுக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும் கணினிகள் ஏராளம்.

கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரை திறக்கும். அங்கே எக்ஸ்எம்பி என்றோ, ஏ-எக்ஸ்எம்பி என்றோ, டிஓசிபி என்றோ இருப்பதைத் தேர்ந்தெடுத்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். அதன்பின் ஓரிரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் வேகத்தை 3000-க்குக் குறைத்துவிடுங்கள். மகன் எழுதிய பாடக் கோப்பு கெட்டுப்போவதைவிட அது எவ்வளவோ மேல்.

இதனால் லாபம் உண்டா என்றால், உண்டு. ஒரு பரிமாற்றத்தில் 8 பைட் நகர்கிறது. 2400-இல் ஒரு சேனலுக்கு, அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான ஒரு தரவுப் பாதைக்கு, நொடிக்கு 19.2 ஜிபி, 3200-இல் 25.6 ஜிபி. தவிர, ரைசன் பிராசஸரின் உள்ளே தரவைக் கொண்டுசெல்லும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற தடம் வழக்கமாக ரேமின் துடிப்போடு சேர்ந்தே ஓடும். ரேம் மெதுவானால் அதுவும் மெதுவாகும். கட்டுரை தட்டச்சு செய்யும்போது இது தெரியாது. வீடியோ தொகுக்கும்போதும் விளையாட்டுகளிலும் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் போகும் இழப்பு இன்னும் பெரிது. சிபியு-இசட்டின் மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் 'டூயல்' என்றோ, புதிய பதிப்புகளில் '2 x 64-bit' என்றோ இருக்கிறதா பாருங்கள். 'சிங்கிள்' அல்லது '1 x 64-bit' என்றிருந்தால் இரண்டு ரேமும் ஒரே சேனலில் அடுத்தடுத்துச் செருகப்பட்டிருக்கக்கூடும், நொடிக்கு நகரும் தரவின் அளவு சரிபாதியாகிவிடும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகள் பெரும்பாலானவற்றில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். ஸ்லாட்டின் ஓரத்தில் ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் இருக்கும். கைபேசி விளக்கை அடித்தால் படிக்கலாம். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் வண்ணம் பூசாத இரும்பைத் தொட்டு, ரேமின் கீழ்விளிம்பில் உள்ள வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்துங்கள். கொக்கி தானாக எழுந்து 'டக்' என்று கவ்வ வேண்டும். ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றால்கூடத் திரையில் ஒன்றும் வராமல் போகலாம்.

கேள்வி: டிடிஆர்4-3200 ரேமில் சிஎல்16 என்றும், டிடிஆர்5-6000 ரேமில் சிஎல்30 என்றும் போட்டிருக்கிறது. தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் டிடிஆர்5-க்கு ஏன் மாற வேண்டும்?
– ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: சிஎல் என்பது, ரேமிடம் தரவைக் கேட்டதிலிருந்து அது வரத் தொடங்கும்வரை ஆகும் துடிப்புகளின் எண்ணிக்கை, நேரமல்ல. 2000-ஐ ரேமின் வேகத்தால் வகுத்து, சிஎல் எண்ணால் பெருக்கினால் நானோநொடி கிடைக்கும். 3200-க்கு ஒரு துடிப்பு 0.625 நானோநொடி, பதினாறு துடிப்பு 10 நானோநொடி. 6000 சிஎல்30-க்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் 10தான். காத்திருக்கும் நேரம் மாறவில்லை. ஆனால் தரவு வரத் தொடங்கியபின் நொடிக்கு 25.6 ஜிபி இருந்த இடத்தில் 48 ஜிபி வருகிறது. அதே 6000-இல் சிஎல்36 என்றால் 12 நானோநொடி. விலையில் பெரிய வித்தியாசமில்லை என்றால் சிஎல்30-ஐ வாங்குங்கள். அதிக வித்தியாசம் இருந்தால் அந்தப் பணத்தில் ரேமின் அளவைக் கூட்டுவதே என் யோசனை: 16 ஜிபி நிரம்பிவிட்டால் கணினி ரேமைவிட மெதுவான சேமிப்பகமான எஸ்எஸ்டியைத் தேடி ஓடும், அந்தத் தாமதத்தை எந்த சிஎல் எண்ணும் ஈடுகட்டாது. இன்னொன்று, டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் ஊசிகள் 288தான் என்றாலும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேள்வி: மடிக்கணினியில் 8 ஜிபி ரேம் இருக்கிறது, ஒரு ஸ்லாட் காலி. அதில் 16 ஜிபி போடலாமா, 8 தானா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மடிக்கணினி 24 ஜிபியை ஏற்கும் என்று அதன் கையேட்டில் இருந்தால் தாராளமாகப் போடலாம். இன்றைய கணினிகள் பெரும்பாலானவற்றில் எட்டும் எட்டும் டூயல் சேனலில் ஓடும், மிச்ச எட்டு சிங்கிளில் ஓடும். இரண்டில் எது மெதுவோ அந்த வேகத்துக்கே இரண்டும் இறங்கிவிடும். ஆகவே பழைய ரேமின் வேகத்தைப் பார்த்துவிட்டு, அதைவிடக் குறையாததாக வாங்குங்கள்.