ஏறிய கியரில் இறங்குங்கள்: கார்க் கேள்விகளும் என் பதில்களும்

ஹட்டனில் சிறிய கராஜ் ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திவிட்டு மூடியவன் நான். மிஞ்சியிருப்பவை 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்றும் இரண்டு முழங்கால் வலிகளும்தான். கார் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். லீசிங், காப்புறுதி பற்றிக் கேட்டால் பதில் வராது என்றும் சொன்னேன். இருந்தும் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயருக்குப் பதிலாக ஊரைப் போட்டிருக்கிறேன்.

தலவாக்கலை: ஐயா, குடும்பத்தோடு நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினோம். றம்பொடை தாண்டியதும் பிரேக் மிதி பஞ்சு போல் அமிழ்ந்துவிட்டது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்ததும் சரியாகிவிட்டது. கராஜில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார்கள்.

கோளாறு இருக்கிறது தம்பி, சூடு ஆறியதும் ஒளிந்துகொண்டது. ஒரு கணக்குச் சொல்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளைக்கு வந்து சேரும்போது 1,300 மீற்றருக்கு மேல் இறங்கியிருப்பீர்கள். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியைக் கொண்டு 40 லீற்றருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்துக்கே தேநீர் ஊற்றலாம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினிடம் கொடுக்காவிட்டால் முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஒயிலுக்கு அதே விதி 140 பாகையோடு திருப்திப்படுகிறது. நம் ஊர் மழையையும் மூடுபனியையும் சொல்லவே வேண்டாம். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி நசுங்கும், ஒயில் நசுங்காது. நீங்கள் மிதித்தது குமிழியை. ஆறியதும் ஆவி மீண்டும் ஒயிலாகிவிடும், கராஜ்காரர் பார்க்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும்.

ஒயிலை முழுவதும் மாற்றுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருங்கள். டப்பாவில் குறைந்ததை மட்டும் நிரப்புவது மாற்றுவதாகாது. அடுத்த தடவை லபுக்கலையிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். ஏறிய கியரில் இறங்கு என்பது பழைய லொறிச் சாரதிகள் வைத்த விதி. இன்றைய கார்கள் நான்காவது கியரிலும் ஏறிவிடுகின்றன, ஆகவே அதிலும் ஒன்று குறைத்தே இறங்குங்கள். எஞ்சின் இரையும், இரையட்டும்.

பண்டாரவளை: ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கிறது. தண்ணீர் குறையவில்லை, விசிறியும் சுழல்கிறது.

முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள். நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைத்து அந்த அளவை உயர்த்துவது மூடிதான். அதன் ரப்பர் வளையம் கெட்டுப்போனால் மலையில்தான் தெரியும், கொழும்பில் தெரியாது. சூட்டோடு திறக்காதீர்கள். என் இடது முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது.

கொட்டகலை: ஒட்டோமெட்டிக் காரில் கியரை எப்படிக் குறைப்பது? டி-யில்தானே இருக்கும்?

டி-க்குக் கீழே எல், எஸ், 2 என்று ஏதாவது எழுதியிருக்கும். அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. டொயோட்டா ஹைபிரிட்டில் பி என்று இருக்கும், அது பிரேக்குக்குத் துணை நிற்கும் நிலை. நீண்ட இறக்கத்தில் ஹைபிரிட் பட்டரி நிறைந்துவிட்டால் மின்சாரமாகச் சேமிக்க இடமிருக்காது, சுமை சாதாரண பிரேக்குக்குப் போய்விடும். அப்போது பி-யில் இருந்தால் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். பின் ஆசனத்துக்குப் பக்கத்தில் பட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் ஒன்று உண்டு. பயணப் பைகளால் அதை அடைக்காதீர்கள்.

புசல்லாவை: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம். என் தகப்பனார் முப்பது வருடம் லொறியை அப்படித்தான் இறக்கினார். நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

உங்கள் தகப்பனாருக்கு வணக்கம். அவருடைய திறமை உங்களுக்கு வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கணினி பெற்றோலை அளந்து தெளிக்கும் இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியர் விழுந்திருக்க, அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். கணினி அதைக் கண்டு பெற்றோலை முழுவதும் நிறுத்திவிடும். செலவு பூச்சியம். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகப் பெற்றோல் குடித்துக்கொண்டே இருக்கும், சிறிய காருக்கு மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை. மிச்சம் எங்கே?

மீண்டும் புசல்லாவை: சரி, இன்ஜெக்ஷன் கதையை ஒப்புக்கொள்கிறேன். கார்புரேட்டர் கார் வைத்திருப்பவனுக்கு?

நல்ல கேள்வி. கார்புரேட்டர் என்பது காற்றோடு பெற்றோலைக் கலந்து விடும் பழைய கருவி, அதில் அந்த வித்தை இல்லை, நியூட்ரலில் சில துளிகள் மிச்சமாகும். என் மைனரிலும் ஆகும். அந்தத் துளிகளுக்காக நான் ஒருமுறை என்ன கொடுத்தேன் என்று சொல்கிறேன். கராஜ் திறந்த புதிதில், ஒரு வாடிக்கையாளரின் வேனைக் கினிகத்தேனை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன். எஞ்சினையும் அணைத்தேன், கெட்டிக்காரன் அல்லவா. பிரேக்குக்கு உதவும் வெற்றிட அமைப்பு இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிட்டது. அதன் பிறகு மிதி கல் போல் இறுகியது. பவர் ஸ்டியரிங்கும் இல்லை. தேயிலைச் செடிகளுக்குள் புகுந்துதான் நின்றேன். அன்று மிச்சம் பிடித்த பெற்றோலைப் போல எத்தனையோ மடங்கு பணத்தை முன் பம்பருக்குக் கொடுத்தேன்.

வட்டவளை: லொறிக்குக் காற்று பிரேக் இருக்கிறதே, அதற்கு வெற்றிடம் தேவையில்லையே?

அந்தக் காற்றை நிரப்புவது யார்? எஞ்சின்தான். அணைத்துவிட்டு மிதித்து மிதித்து இறங்கினால் தொட்டி காலியாகும். நியூட்ரல் ரசிகர் சங்கமே கூடிவிட்டது போல் தெரிகிறது.

ஹப்புத்தளை: பெரகலை இறக்கத்தில் தினமும் நியூட்ரலில்தான் போகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

நாணுஓயா ரதல்லை குறுக்கு வழியில் 2023 ஜனவரியில் ஒரு பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அன்று எந்தச் சாரதி என்ன செய்தார் என்று நான் பேசப் போவதில்லை. அந்தச் சரிவில் முதல் நாள் வரை ஒன்றும் ஆகாமல் போய் வந்தவர்களும் எத்தனையோ பேர் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மஸ்கெலியா: இறக்குமதி திரும்பத் தொடங்கிவிட்டதே, பழைய கார் விலை குறையுமா?

2020இல் நிறுத்தியபோது இப்படி ஏறும் என்று எந்தச் சோதிடரும் எனக்குச் சொல்லவில்லை. 2025இல் திறந்த பிறகும் எவரும் வந்து சொல்லவில்லை.

நுவரெலியா: பாட்டனார் வைத்திருந்த மைனர் ஒன்று கொட்டகைக்குள் கிடக்கிறது. ஓட வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

மகளே, இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன். எஞ்சினைத் தொடாதீர்கள். எல்லோரும் எஞ்சினில்தான் தொடங்குவார்கள், அது கடைசி வரை காத்திருக்கும். முதலில் முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனைப் பாருங்கள், கீழே இருப்பது முக்கியம். புரிகள் கொண்ட அந்தத் துண்டுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும். மறந்தால் புரி தேய்ந்து, ஒருநாள் வளைவில் சக்கரம் காருக்கடியில் மடிந்துவிடும். கிறீஸ் துப்பாக்கி வாங்கிய பிறகே மற்றதெல்லாம்.

பிரேக் ஒயில் நிரப்பும் இடம் எங்கே என்று தேடுவீர்கள். சாரதியின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே ஒரு மூடி இருக்கும். அங்கே இருப்பதால்தான் எவரும் திறந்து பார்ப்பதில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். சூடேறினால் டிரம் விரிந்து பட்டையிலிருந்து விலகிப்போகும், ஆகையால் மேலே தலவாக்கலைத் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கு இரண்டு மடங்கு.

நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த கார்புரேட்டர் இங்கே பெற்றோலை அதிகமாகக் கொடுத்துக் கறுப்புப் புகை விடும். பெற்றோலைக் குறைக்க, மைனரிலுள்ள எஸ்யூ வகைக் கார்புரேட்டரின் அடியிலுள்ள ஜெட் நட்டை மேல்நோக்கிச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும். ஓடத் தொடங்கியதும் எனக்கொரு படம் அனுப்புங்கள்.

ராகலை: மூடுபனியில் உயர் விளக்கைப் போடலாமா?

கூடாது. வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவீர்கள். தாழ் விளக்கு, குறைந்த வேகம்.

ஹட்டன்: பழைய ஸ்ரீ எண்தகட்டுக் காருக்கு ஆள் கேட்கும் விலை நியாயமா?

தகட்டை வாங்குகிறீர்களா, காரை வாங்குகிறீர்களா? கீழே படுத்து அடிப்பலகையை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் எழுந்து வீட்டுக்குப் போங்கள்.

வெலிமடை: மகாகஸ்தோட்டை கார் மலையேற்றப் போட்டியில் ஓடியிருக்கிறீர்களா?

1934இல் தொடங்கிய போட்டி அது. நான் ஓடியதில்லை, மற்றவர்களின் கார்களுக்கு ஸ்பானர் பிடித்திருக்கிறேன். அங்கே ஏறினால் போதும், கைதட்டுவார்கள். கீழே எப்படி இறங்கினார்கள் என்று எவரும் நேரம் குறிப்பதில்லை, எனக்கு அதுதான் குறை.

கினிகத்தேனை: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சமாகுமா ஐயா?

மேலே போய்ப் படியுங்கள். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, மைனருக்குத் தார்ப்பாய் போட வேண்டும்.