ஐஸ், உப்பு, எவர்சில்வர் டம்ளர்: அறிவியல் கேள்வி பதில்

சிறுவர்களுக்குச் செய்முறை வழியே அறிவியல் கற்பிப்பது பற்றிய கேள்விகளுக்குத் திருவொற்றியூர் தொடக்கப் பள்ளி ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி (காசிமேடு, ஒரு தாய்): டீச்சர், குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பை ஏன் கொட்டுகிறார் என்று மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: எதுவும் சொல்லாதீர்கள் அம்மா, செய்ய விடுங்கள். மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம்! உடைத்த ஐஸை இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் நிரப்பி, ஒன்றில் மட்டும் மூன்று ஸ்பூன் உப்பைப் போட்டுக் கிளறட்டும். எது முதலில் உருகும், எது அதிகம் சில்லிடும் என்று முன்பே கேட்டு, அவன் சொல்வதை எழுதி வையுங்கள். உப்புப் போட்டதுதான் வேகமாக உருகும். ஆனால் அந்த டம்ளரின் வெளிப்பக்கத்தில்தான் வெள்ளையாக உறைபனி படியும், நகத்தால் சுரண்டி எடுக்கலாம். மற்றதில் வெறும் நீர்த்துளிதான். உருகுவதற்கு வெப்பம் வேண்டும். அதை ஐஸ் சுற்றியிருப்பவற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. உப்புநீர் 0 டிகிரியில் உறையாததால் குளிர் அதற்கும் கீழே இறங்குகிறது. உப்பு கலந்த ஐஸைக் கையில் பிடித்து வைத்திருக்க மட்டும் விடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும்.

கேள்வி (வியாசர்பாடி, ஆசிரியர்): வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஆய்வகம் இல்லை.

பதில்: தொடக்கப் பள்ளிக்கு ஆய்வகம் எதற்கு சார்? ஐந்து பேருக்கு ஒரு வாளித் தண்ணீர், ஓர் உருண்டை வண்ணக் களிமண். உருண்டை மூழ்கும், அதையே கிண்ணமாக்கினால் மிதக்கும். துறைமுகத்து இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது என்று அவர்களே கேட்பார்கள். கூச்சல் இருக்கும், தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை, ஒரு தந்தை): தட்டு நீரில் எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் உள்ளே நீர் ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததால்தானே?

பதில்: இந்த விளக்கத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜன் முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்ததற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. முக்கியக் காரணம் வெப்பம்: சூட்டில் விரிந்த காற்று, அணைந்தபின் ஆறிச் சுருங்க, வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. நீர் பெரும்பாலும் எப்போது ஏறுகிறது, எரியும்போதா, அணைந்த பிறகா? பிள்ளையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தீப்பெட்டி உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி (எண்ணூர், ஒரு தாய்): இதனால் மதிப்பெண் கூடுமா?

பதில்: வாக்குக் கொடுக்க மாட்டேன். பாடநூல் வரியை அப்படியே எதிர்பார்க்கும் ஆசிரியரிடம் குறையவும் கூடும். அப்போது பிள்ளையைத் திட்டாமல், விடைத்தாளோடு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.