பிளஸ்டரி என்றால் புயலா?

‘பிளஸ்டரி’ (blustery) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் புயல் என்று பொருள் சொல்லலாமா, அதை எந்த இடத்தில் பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். விடியற்காலையில் கூரையைப் பிய்த்த காற்றைப் பற்றி மகள் எழுதிய கட்டுரையில் ஆசிரியர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறீர்கள்.

புயல் என்று சொல்லக் கூடாது. ஆசிரியர் அடித்ததும் சரிதான். மலேசியாவின் தெலுக் இந்தானில் பல ஆண்டுகளாக ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழாத பிள்ளைகள் குறைவு.

நான் வளர்ந்தது ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். லயத்துக்குப் பின்னால் இரண்டு கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பிதான் எங்கள் துணிக்கொடி. தைப்பூசத்தை ஒட்டி மழை குறைந்து, பால்மரங்கள் இலை உதிர்க்கும் நாட்களில் அதில் துணி காயப்போடுவது பெரும்பாடு. அப்பாவின் கைலி அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். கிளிப்பை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் எங்கிருந்தோ ஒரு காற்று வரும். கைலி வயிறு புடைத்து எழுந்து, ஈரத்தோடு முகத்தில் அறையும். பிடிப்பதற்குள் மறுபடி தொங்கிவிடும். கொஞ்சம் பொறுத்து அடுத்த அடி. “காற்று நின்று நின்று அடிக்கிறது, இரண்டு கிளிப்பாகப் போடு” என்பார் அம்மா.

பிளஸ்டரி என்பது அந்த ‘நின்று நின்று அடிக்கிற’ காற்றுதான். எந்த அகராதியிலும் இதைவிடப் பொருத்தமான பொருளை நான் பார்த்ததில்லை. காற்று பலமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே சீராக வீசாது. ஓங்கி அடிக்கும், ஓயும், மறுபடி ஓங்கும்; பல மணி நேரம், சில சமயம் நாள் முழுவதும் இப்படியே போகும். அந்த ஒவ்வோர் அடிக்கும் ஆங்கிலத்தில் ‘கஸ்ட்’ என்று பெயர். பிரிட்டனில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வானிலை அறிவிப்பில் இந்தச் சொல் அடிக்கடி வரும். ‘எ பிளஸ்டரி டே’ என்பார்கள், ‘பிளஸ்டரி ஷவர்ஸ்’ என்பார்கள். அங்கே அதைக் கேட்டவுடன் குளிரும் நினைவுக்கு வரும். நமக்குக் குளிர் இல்லை. ஆனாலும் நம் பால்மரங்கள் இலை உதிர்க்கும் அந்த நாட்களுக்கு இச்சொல்லைத் தாராளமாக எழுதலாம். எழுத்துக்கூட்டும்போது மட்டும் கவனம் வேண்டும்: ஓர் எழுத்து மாறினால் கொப்புளத்தைக் குறிக்கும் ‘பிளிஸ்டர்’ (blister) வந்துவிடும்.

உங்கள் மகள் எழுதிய விடியற்காலைக் காற்று வேறு சாதி. அதற்குச் ‘ஸ்குவால்’ (squall) என்ற சொல் இருக்கிறது. திடீரென்று வேகம் கூடி, குறைந்தது ஒரு நிமிடமாவது அந்த வேகத்தில் நின்று வீசுவது ஸ்குவால். நம் மேற்குக் கரைக்கு வருவதைச் ‘சுமாத்ராஸ்’ என்றே ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்ரா தீவின் மீதோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் வரிசை கட்டி, விடியும் முன் நம் பக்கம் வந்து சேரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும்.

லயத்தில் அதைப் பேய்க்காற்று என்போம். முதலில் தூரத்துப் பால்மரக் காட்டில் ஓர் இரைச்சல் கேட்கும். அது நிரை நிரையாக நம்மை நோக்கி வரும். கிளை முறியும் சத்தம், தகரக் கூரை படபடக்கும் சத்தம், கடைசியில் மழை. அம்மா விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூரையைவிட அவருக்குப் பெரிய கவலை சம்பளம். மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்று பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் மழைநீர் பாலை அடித்துக்கொண்டு போய்விடும். நின்று நின்று அடிக்கிற காற்றில் வெட்டு நிற்பதில்லை, காற்றும் வெயிலும் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும், அவ்வளவுதான். ஒரு காற்று துணியோடு மல்லுக்கு நிற்கும், இன்னொன்று அன்றைய கூலியைக் கொண்டுபோகும். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

புயல் என்பது இரண்டுக்குமே பொருந்தாது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் கடற்புயல் உருவாவது அபூர்வம். 2001 டிசம்பரில் ‘வாமெய்’ புயல் தென்கிழக்கு ஜொகூரில் கரையைக் கடந்தது இன்றும் வியப்பாகப் பேசப்படுகிறது.

காற்றின் வலிமையைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்ல 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த அளவுகோலில் ‘பிரீஸ்’ உண்டு, ‘கேல்’ உண்டு, பிளஸ்டரி இல்லை. அது வலிமையின் பெயராக இல்லாமல் காற்றின் போக்கைச் சொல்வதாக இருப்பதே காரணம். தமிழில் ஒற்றைச் சொல் எளிதில் கிடைக்காததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். நம் முன்னோர் காற்றுக்குத் திசையை வைத்துப் பெயரிட்டார்கள்: தெற்கே இருந்து வந்தால் தென்றல், வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கோடை.

இதன் வேர்ச்சொல்லான ‘பிளஸ்டர்’ மனிதர்களுக்கும் வரும். உரத்த குரலில் மிரட்டி, பெருமையடித்துப் பேசுவது. தமிழில் அதற்கு ‘வாய்வீச்சு’ என்கிறோம். ஆங்கிலேயரும் நாமும் தனித்தனியாகவே அந்தப் பேச்சில் காற்றைக் கண்டிருக்கிறோம் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மகளின் கட்டுரையில் அந்த இடத்தில் ‘எ சடன் ஸ்குவால்’ என்று எழுதச் சொல்லுங்கள். பிளஸ்டரியை அடித்துப் போட்டுவிட வேண்டாம். தைப்பூசத்துக்குக் காவடி பார்க்கப் போன நாளைப் பற்றி எழுதும்போது, தோரணங்கள் காற்றில் படபடத்து அடங்கி மறுபடி படபடத்ததைச் சொல்ல அது அவளுக்குத் தேவைப்படும்.