நான்கு முயல்களும் ஒரு ஷில்லிங்கும்

அன்புள்ள சார்,

வணக்கம். தென்காசியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். என் அக்கா குடும்பம் மஸ்கட்டில் இருக்கிறது. போன வருஷம் அக்கா மகள் (6 வயது) கையை ஒடித்துக்கொண்டு மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். அங்கே போகிறவர்கள் கையில் அவளுக்குப் படம் வரைந்த தாள்களைக் கொடுத்தனுப்பினேன். மொட்டைமாடியில் காயப்போட்ட நிலக்கடலையைத் திருடும் ஒரு அணிலின் கதை. அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்புறம் அதையே கம்ப்யூட்டரில் சுத்தமாக வரைந்து ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். கதை நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் அணிலின் அண்ணனைப் பூனை பிடித்துக்கொண்டு போகும் இடத்தை எடுத்துவிட வேண்டுமாம். கடைசியில் திருடக்கூடாது என்று ஒரு வரி வர வேண்டுமாம். ‘விக்கித்து நின்றது’ என்றால் குழந்தைகளுக்குப் புரியாதாம். புத்தகம் பெரிய சைஸில் வருமாம், படத்தை அவர்களுடைய ஓவியரே போடுவாராம்.

ஒத்துக்கொள்ளலாமா? எழுதி, படமும் தானே போடுகிறவர்கள் எப்படித்தான் வாழ்ந்தார்கள்? எல்லாரும் குழந்தை மனசு வேண்டும் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

ம., தென்காசி


அன்புள்ள ம.,

குழந்தை மனசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீலக் கோட்டு போட்ட பீட்டர் என்ற முயலை வரைந்தவர். பீங்கான் கோப்பையிலும் குழந்தைத் துண்டிலும் அந்த முயலைப் பார்க்கிறவர்கள், இதை வரைந்தவர் பஞ்சு மாதிரி ஒரு பாட்டியாக இருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் அவர் தம்பி பெர்ட்ராமும் சின்ன வயதில் செத்த பிராணிகளைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, சதையைக் கழற்றி, எலும்புக்கூட்டை எடுத்து வரைந்து பார்த்தவர்கள். அந்தப் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

1866இல் லண்டனில் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். வீட்டில் நல்ல வசதி, பருத்தித் தொழிலில் வந்த பணம். பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டுக்கே ஆசிரியைகள் வந்தார்கள். மாடி அறையில் முயல், எலி, வௌவால், முள்ளெலி, தவளை, பல்லி எல்லாம் வளர்த்தார். பதினான்கு பதினைந்து வயதில் தொடங்கி முப்பது வயதுவரை தானே உருவாக்கிய சங்கேத எழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்து பதினைந்து வருஷம் கழித்து, 1958இல்தான் லெஸ்லி லிண்டர் என்பவர் அதைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். யாரும் படிக்கக்கூடாது என்று எழுதியதைப் படித்துவிட்டோமே என்று எனக்கு இன்னும் சின்ன உறுத்தல் உண்டு. ஆனாலும் படித்தேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு அவர் நினைவு வந்ததற்குக் காரணம் மாவுக்கட்டு. அவருடைய கடைசி ஆசிரியை கல்யாணமாகிப் போய்விட்டார். அந்த வீட்டின் மூத்த பையன் நோயல் காய்ச்சலும் படுக்கையுமாகக் கிடந்தான், வயது 5. பாட்டர் அப்போது ஸ்காட்லாந்தில் டன்கெல்ட் என்ற ஊரில் இருந்தார். 1893 செப்டம்பர் 4ஆம் தேதி அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நான்கு குட்டி முயல்களின் கதையைச் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கும். பேனாவால் கிறுக்கிய படங்கள், இடையிடையே எழுத்து. மறுநாள் அவன் தம்பிக்கு ஒரு தவளைக் கதை. அண்ணனுக்கு மட்டும் கடிதம் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பது தெரிந்த பெண்மணி.

அந்தக் கடிதம் புத்தகமாக எட்டு வருஷம் ஆனது. குறைந்தது ஆறு பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உங்களுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. பெரிய புத்தகமாகப் போடலாம், 6 ஷில்லிங் வைக்கலாம் என்றார்கள். பாட்டர் மசியவில்லை. சின்னக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சின்னப் புத்தகம்தான் வேண்டும், விலை 1 ஷில்லிங்தான் என்றார். குட்டி முயல்களால் ஒரு புத்தகத்துக்கு 6 ஷில்லிங் கொடுக்க முடியாது என்று ஒரு கடிதத்தில் கேலியாக எழுதியிருக்கிறார். கடைசியில் சொந்தச் சேமிப்பை எடுத்து, 1901 டிசம்பரில் 250 பிரதி தானே அச்சடித்தார். முகப்புப் படம் மட்டும் வண்ணம், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. கொஞ்சம் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார், மீதியை விற்றார். தீர்ந்துபோய் மறுபடியும் 200 அடித்தார்.

இதற்கிடையில் ஒரு கூத்து நடந்தது. குடும்ப நண்பரான ரான்ஸ்லி என்ற பாதிரியார், நல்ல எண்ணத்தோடுதான், முயல் கதையை எதுகை மோனையோடு நீதி சொல்லும் செய்யுளாக்கி ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகத்துக்கு அனுப்பினார். வார்ன்காரர்கள் செய்யுளை ஒதுக்கிவிட்டு அந்தப் பெண்மணியின் உரைநடையையே கேட்டார்கள். படங்கள் முழுக்க வண்ணத்தில் வேண்டும் என்றும் கேட்டார்கள். முயலின் பழுப்பும் செடியின் பச்சையும்தானே, இதில் வண்ணத்துக்கு என்ன இருக்கிறது என்று பாட்டருக்கு முதலில் தயக்கம். அந்த ஒரு விஷயத்தில் பதிப்பாளர் சொன்னது சரி, அவரும் இறங்கி வந்தார். 1902 அக்டோபரில் புத்தகம் வந்தது. முதல் பதிப்பு 8,000 பிரதி, வெளிவருவதற்கு முன்பே விற்றுப்போயிருந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் 28,000 அச்சாகிவிட்டது.

இப்போது உங்கள் பூனைக்கு வருவோம்.

பாட்டரின் கதையில் அம்மா முயல் குட்டிகளை வெளியே அனுப்பும்போது, மெக்ரெகர் தோட்டத்துக்கு மட்டும் போகாதீர்கள், உங்கள் அப்பாவுக்கு அங்கே ஒரு விபத்து நடந்தது, மெக்ரெகர் வீட்டம்மா அவரைப் பையில் வைத்துச் சமைத்துவிட்டாள் என்று சொல்கிறாள். பை என்றால் மாவுக்குள் கறியை மூடிச் சுடும் பலகாரம். இது கதை ஆரம்பித்த உடனேயே வந்துவிடுகிறது. ஒப்பாரி கிடையாது, விளக்கம் கிடையாது. அடுத்த பேச்சு, நான் வெளியே போய்விட்டு வருகிறேன் என்பது. நூறு வருஷத்துக்கு மேலாகக் குழந்தைகள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பீட்டர் தோட்டத்துக்குள் ஓடுவதில் என்ன பயம்? தாத்தா ஒருவர் முயலை விரட்டுகிறார், அவ்வளவுதான். உங்கள் அணிலின் அண்ணனை எடுத்தால், பூனையும் வெறும் மியாவ் ஆகிவிடும்.

நீதி வரியும் அப்படித்தான். பீட்டர் சொன்ன பேச்சைக் கேட்காமல் முள்ளங்கி தின்கிறான், நெல்லிக்காய்ச் செடிமேல் போட்ட வலையில் கோட்டுப் பித்தான் மாட்டிக்கொள்கிறது, கோட்டை விட்டுவிட்டு ஓடிவருகிறான். அம்மா அவனுக்கு ஒரு கஷாயம் கொடுத்துப் படுக்கவைக்கிறாள். நல்ல பிள்ளைகளுக்கு ரொட்டி, பால், பழம். முடிந்தது. கஷாயத்தின் கசப்பு குழந்தைக்குத் தெரியும், ஆசிரியர் தனியாக வந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

‘விக்கித்து’ பற்றி: தயவுசெய்து மாற்றாதீர்கள். பாட்டர் 1909இல் வெளியிட்ட இன்னொரு முயல் புத்தகத்தின் முதல் வரியிலேயே, லெட்டூஸ் கீரையை அதிகம் தின்றால் தூக்கம் வரும் என்பதற்கு ‘சோப்பரிஃபிக்’ என்று எழுதுகிறார். ஆங்கிலக் குழந்தைகளுக்கும் புரியாத மருத்துவப் புத்தகச் சொல். அடுத்த சில பக்கங்களில் குட்டி முயல்கள் கீரையைத் தின்றுவிட்டு அப்படியே சுருண்டு கிடக்கும் படம் இருக்கிறது. அர்த்தத்தைப் படம் சொல்லிவிடுகிறது, புதுச் சொல்லைக் குழந்தை ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறது. ‘விக்கித்து’க்குப் பக்கத்தில் உங்கள் அணில் இரண்டு முன்னங்காலையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறதா? போதும்.

அவர்களுடைய ஓவியர் போடுவார் என்பதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியாதது. அந்த ஓவியர் உங்களைவிட நன்றாக வரையலாம். பிரச்சினை அது இல்லை. முயல் புத்தகத்தில் சில படங்களில் ஒரு ராபின் குருவி வருகிறது. பீட்டர் முள்ளங்கி தின்னும்போது பக்கத்தில் இருக்கிறது, அவன் தொலைத்த செருப்பை வந்து பார்க்கிறது. எழுத்தில் அந்தக் குருவியைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. எழுதுகிறவரும் வரைகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் இதை எழுத வேண்டாம், வரைந்துகொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்க முடியும். நேர்மாறாக, தொலைந்துபோன கோட்டைப் பற்றிச் சொல்லும்போது அது புத்தம் புதுசு என்று கடைசியில் ஒரு சொல் சேர்க்கிறார். படத்தில் புதுசைக் காட்ட முடியாது. காட்டினாலும், அம்மாவிடம் என்ன சொல்வது என்ற வயிற்றுக் கலக்கம் அதில் வராது.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் என் புத்தகம் ஒன்றில் ஆடு ஊரைவிட்டு ஓடும். எல்லாப் பக்கத்திலும் இடமிருந்து வலமாக, பக்கம் புரட்டும் திசையில் வரைந்திருந்தேன். லே-அவுட் செய்தவர் எழுத்துக்கு இடம் வேண்டும் என்று ஒரு படத்தைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிவிட்டார். அச்சாகி வந்தபோது நடுப்பக்கத்தில் ஆடு வீட்டைப் பார்த்துத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. டம்மியை, அதாவது அச்சுக்கு முன் செய்யும் மாதிரிப் புத்தகத்தை, நான் கடைசியாக ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். எனக்கும் அன்றைக்குச் சோம்பல்.

பாட்டரின் முயல் ஏன் கோட்டுக்குள்ளும் முயலாகவே இருக்கிறது என்பதற்குக் காரணம் அந்தப் பழைய பாத்திரம்தான். கோட்டைக் கழற்றினால் முயலின் தோள் எலும்பு எங்கே இருக்குமோ அங்கேதான் இருக்கும். காளான்களையும் அப்படித்தான் பார்த்தார். நூற்றுக்கணக்கில் வரைந்தார், ஸ்போர்களை (காளானுக்கு விதை மாதிரியான தூள்) முளைக்கவைத்து நுண்ணோக்கியில் கவனித்துக் கட்டுரை எழுதினார். 1897 ஏப்ரல் 1ஆம் தேதி லின்னேயன் சொசைட்டி என்ற இயற்கை விஞ்ஞானிகள் சங்கத்தில் அவருக்குப் பதிலாக அதை முன்வைத்தது ஒரு ஆண். பெண்களுக்கு அந்தக் கூட்டங்களில் இடமில்லை. பிறகு பாட்டர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெண்களை நடத்திய விதத்துக்காக 1997இல், சரியாக நூறு வருஷம் கழித்து, அந்தச் சங்கம் வருத்தம் தெரிவித்தது. காளான் கதவு திறந்திருந்தால் முயல் வந்திருக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

எப்படி வாழ்ந்தார் என்று கேட்டீர்கள். அழகுபடுத்தாமல் சொல்கிறேன். அப்பா பணக்காரர் என்பதால் சோற்றுக்குக் கவலை இல்லாமல்தான் ஆரம்பித்தார். நம்மில் பலருக்கு அது கிடையாது, நான் பதினோரு வருஷம் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்துதான் வாடகை கட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த பணம் அவர் சம்பாதித்தது. 1903இலேயே பீட்டர் பொம்மையைத் தன் கையால் தைத்து, அதற்குக் காப்புரிமை பதிந்தார். அந்தக் காலத்தில் அதிகம் பேருக்குத் தோன்றாத யோசனை. அமெரிக்காவில் முயல் புத்தகத்துக்குப் பதிப்புரிமை பதிவு செய்யாமல் பதிப்பகம் விட்டுவிட்டதால், அங்கே திருட்டுப் பதிப்புகள் வந்தன, அவற்றிலிருந்து அவருக்கு ஒரு காசு வரவில்லை. ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

சொந்த வாழ்க்கையிலும் அடி விழுந்தது. அவருடைய புத்தகங்களைக் கவனித்துக்கொண்ட நார்மன் வார்ன் 1905 ஜூலையில் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். வியாபாரி வீட்டுப் பையன் என்று பெற்றோருக்கு இஷ்டமில்லை. (அவர்கள் பணமே துணி வியாபாரத்தில் வந்தது என்பதை யாரும் அவர்களுக்கு ஞாபகப்படுத்தவில்லை போலிருக்கிறது.) ஒரே மாதத்தில் நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வருஷமே பாட்டர், வடக்கே ஏரி மாவட்டத்தில் நியர் சாரி கிராமத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். அடுத்த எட்டு வருஷத்தில் வந்த புத்தகங்களில் அந்த வீட்டு மாடிப்படியும் தோட்டத்து வாசலும் வந்துகொண்டே இருக்கின்றன. 1913இல், 47 வயதில், உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கப்புறம் புத்தகம் குறைந்தது, கண்பார்வையும் மங்கியது. ஹெர்ட்விக் என்ற மலைச் செம்மறியாட்டு இனத்தை வளர்ப்பதில் மூழ்கினார். 1943 டிசம்பரில் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் பதினான்கு பதினைந்து பண்ணைகளையும் நிலங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார். ஆட்டுச் சந்தையில் அவரை மிஸஸ் ஹீலிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். முயல் பேச்சை எடுத்தால் அவருக்குப் பிடிக்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பதிப்பகத்துக்கு மரியாதையாக ஒரு பதில் எழுதுங்கள். சைஸ் பற்றிப் பேசத் தயார், நீதி வரியும் வேறு ஓவியரும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 16 பக்கம், நடுவில் பின் அடித்து 100 பிரதி டிஜிட்டலில் போட இன்றைக்கு ஒரு நல்ல செல்போன் விலை ஆகாது. அதற்கு முன்னால் தாளை மடித்து ஒரு டம்மி செய்து, பூனை வருவது பக்கம் புரட்டினால்தான் தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. கம்ப்யூட்டரில் சுத்தமாக வரைந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். பாட்டர் புத்தகம் போட நினைத்தபோது, முயல் கடிதம் இன்னும் இருக்கிறதா என்று நோயலைக் கேட்டார். அவன் பத்திரமாக வைத்திருந்தான், கடனாக வாங்கி நகல் எடுத்துக்கொண்டார். உங்கள் அக்கா மகளிடம் அந்தத் தாள்கள் இருக்கின்றனவா? மஸ்கட்டிலிருந்து யாராவது வரும்போது மடிக்காமல் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்து எனக்கும் அனுப்புங்கள். அசலை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது அவளுடையது.