ஞானஸ்நானம் எடுத்ததுல இருந்தே போராட்டமா இருக்கு, என்ன பண்ண?

கேள்வி: ஒன்றரை வருஷம் முன்னாடி ஞானஸ்நானம் எடுத்தேன். அதுல இருந்து வீட்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு. பாப்பாவுக்கு அடிக்கடி காய்ச்சல், மாமியார் ஓயாத கிண்டல், காலைல 4 மணிக்கு ஜெபிக்க உக்காந்தா தூக்கம் அமுக்குது. ஒரு ஊழியக்காரர் வந்து வீட்ல பிசாசோட கட்டு இருக்கு, 21 நாள் விசேஷ ஜெபம் பண்ணணும், 5000 ரூபா காணிக்கை வைக்கணும், இல்லன்னா குழந்தைக்கு ஆபத்துங்கிறார். பயமா இருக்குக்கா, பின்வாங்கிருவேனோன்னு. (பேர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல அந்தத் தூக்கத்த முடிச்சிருவோம். நைட்டு 11 மணி வரைக்கும் வீட்டு வேல பாத்துட்டு 4 மணிக்கு எந்திரிச்சா தூக்கம் வரத்தான் செய்யும், அதுக்குப் போய் பிசாசு எதுக்கு? பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு அடியில படுத்து, செத்தாப் போதும்னு அழுதப்ப தூதன் வந்து பிரசங்கம் பண்ணல, சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து ரெண்டு தடவ சாப்பிட வச்சான். நீங்களும் ஆறு மணிக்கு எந்திரிச்சு பத்து நிமிஷம் ஜெபிங்க, போதும்.

அதுக்காக எதிர்ப்பே கிடையாதுன்னு சொல்லல, இருக்கு, பிசாச கெர்ச்சிக்கிற சிங்கம்னு பேதுரு சும்மா எழுதல. ஆனா அது எந்த ரூபத்துல வரும்னு பாக்கணும்னா பைபிள்ல நெகேமியா புத்தகத்த எடுத்து 4ம் 6ம் அதிகாரம் படிங்க. நெகேமியாவும் ஜனங்களும் எருசலேம் அலங்கத்த, அதாவது ஊரச் சுத்தி இருக்கிற மதில, திரும்பக் கட்டுறாங்க, எதிரி தொபியா வந்து ஒரு நரி ஏறினாலே இடிஞ்சிரும்ங்கிறான், உங்க மாமியார் பேச்சு மாதிரியே இல்ல? இவங்க பதிலுக்குப் பதில் பேசல, ஜெபம் பண்ணாங்க, கூடவே ராத்திரி பகலா காவலும் போட்டாங்க. அப்புறம் இன்னொரு எதிரி சன்பல்லாத்து நாலு தடவ ஆள் அனுப்பி வா பேசலாம்னு கூப்பிடுறான், நாலு தடவயும் நெகேமியா சொன்னது ஒரே பதில்தான், எனக்கு பெரிய வேல இருக்கு, வரமுடியாது.

இதெல்லாத்தையும் விட எனக்கு முக்கியமாப் படுறது செமாயாவோட கததான். அவன் எதிரி மாதிரி வரல, தீர்க்கதரிசனம் சொல்ற ஆளா வந்தான், ராத்திரி உன்னக் கொல்ல வராங்க, வா ஆலயத்துக்குள்ள போய்க் கதவப் பூட்டிக்கலாம்னான், ஆனா தொபியாவும் சன்பல்லாத்தும் அவனுக்குக் கூலி குடுத்திருக்காங்க, நெகேமியாவ பயப்பட வைக்கணும், அவ்ளோதான் வேல. பயத்தக் காட்டிப் பணம் கேக்குற ஜெபத்த நான் நம்பமாட்டேன், கோவிச்சுக்கிறவங்க கோவிச்சுக்கட்டும். அந்தாளு உங்க வீட்டுக்கு வரவேண்டாம்னு உங்க வீட்டுக்காரரையே சொல்லச் சொல்லுங்க, உங்க சபை போதகர்கிட்டயும் சொல்லி வச்சிருங்க.

அலங்கம் 52 நாள்ல முடிஞ்சது, ஆனா அந்த நாள் முழுக்க எதிர்ப்பு ஓஞ்ச மாதிரி தெரியல, முடிஞ்ச பிறகும் தொபியா பயமுறுத்தி லெட்டர் போட்டுக்கிட்டேதான் இருந்தான். அதனால மாமியார் நாளைக்கே மாறிருவாங்கன்னு நான் சொல்லமாட்டேன். அவங்க கிண்டல் பண்ணா காப்பியக் குடுத்துட்டு உங்க வேலயப் பாருங்க. நெகேமியாவும் நீளமா ஒண்ணும் ஜெபிக்கல, "என் கைகளைத் திடப்படுத்தியருளும்", அவ்ளோதான். அடுப்படில நின்னுக்கிட்டே சொல்லலாம்.

பாப்பாவ இந்த வாரமே குழந்தை டாக்டர்ட்ட காட்டுங்க. அந்த 5000 ரூபா அதுக்கு இருக்கட்டும்.