புயல் நிவாரணம் 13,700 வந்திருக்கு, எந்தக் கடனை முதல்ல அடைக்கறது?

கேள்வி: ஐயா வணக்கம். விழுப்புரம் மாவட்டம், தென்பெண்ணை ஆத்தோரம் எங்க ஊரு. சொந்தமா 2 ஏக்கர், குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர், மொத்தமும் சம்பா நெல்லு, ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல அத்தனையும் போச்சு. 17 ஆயிரம்னு அறிவிச்சாங்க, என் கணக்குல 13,700 சொச்சம்தான் ஏறிச்சு, குத்தகை நிலத்துக்கு ஒண்ணும் வரல. நகைக்கடன் 1 லட்சம், பேங்க் பயிர்க்கடன் 60 ஆயிரம், வெளில 3 வட்டிக்கு வாங்குனது 30 ஆயிரம் இருக்கு. வீட்ல நகைக்குத்தான் கட்டச் சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: அண்ணே, உங்க ஆத்துக்கு மேல்பக்கம் இருக்க சாத்தனூர் அணைல விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தொறந்துவிட்ட அந்த ராத்திரி உங்க பக்கம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சாலே மனசு பதறுது. முதல்ல பணக் கணக்கு. அறிவிச்ச 17 ஆயிரம் ஹெக்டேருக்கு, ஏக்கருக்கு இல்ல. ஒரு ஹெக்டேர்னா கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர், அப்ப ஏக்கருக்கு 6,880 வருது, உங்க 2 ஏக்கருக்கு வந்தது சரிதான், யாரும் பிடிச்சுக்கல.

இந்தப் பணத்துக்கு அரசாங்கம் வச்சிருக்க பேரே இடுபொருள் மானியம்ணே. போன நெல்லுக்கு விலை இல்ல அது, அடுத்த வெதப்புக்குக் குடுக்கறது. அதனால ஒரு 5 ஆயிரத்த உழவுக்கும் உளுந்து வெதைக்கும் தனியா எடுத்து வச்சிருங்க, தைப்பட்டத்துல போட்டா 70 நாள் சுமாருக்குக் கையில காசு வரும், இதத் தொடவே தொடாதீங்க.

மீதி 8,700 நகைக்கு வேணாம், 3 வட்டிக்காரருக்குப் போகட்டும். 30 ஆயிரத்துக்கு 3 வட்டின்னா மாசம் 900 ரூபா. நகைக்கடன் 9 சதவீதம்னு வச்சாலும் 1 லட்சத்துக்கு மாசம் 750 தான் ஆகுது. அதாவது அந்த 30 ஆயிரம்தான் உங்கள 1 லட்சத்த விட அதிகமா அரிக்குது, வீட்ல அக்காகிட்ட இந்த ரெண்டு நம்பரயும் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க, புரிஞ்சுக்குவாங்க. அசல்ல கழிச்சேன்னு கையெழுத்து வாங்காம மட்டும் காசக் குடுக்காதீங்க. நகை ரசீதுல தவணைத் தேதி என்னைக்குன்னு பாருங்க, அதைத் தாண்டி விட்டா ஏல நோட்டீஸ் வந்துரும்.

பயிர்க்கடனுக்கு இப்ப கைக்காசப் போடாதீங்க. இயற்கைப் பேரிடர் வந்த ஏரியாவுல பயிர் சேதம் 33 சதவீதத்துக்கு மேல இருந்தா கடன மாத்தி அமைக்க ரிசர்வ் வங்கியோட 2018 வழிகாட்டுதல்ல வழி இருந்துச்சு, 50 சதவீதத்துக்குக் கீழன்னா 2 வருஷம் வரைக்கும், 50-ம் அதுக்கு மேலயும்னா 5 வருஷம் வரைக்கும் தவணை தள்ளிக் குடுக்கலாம், அதுல முதல் ஒரு வருஷமாவது கட்ட வேண்டியதில்லன்னு இருந்துச்சு, இப்ப விதி என்னன்னு பேங்க்ல கேட்டுக்குங்க. வாயால கேட்டா மேனேஜர் அப்புறம் பாக்கலாம்பாரு, எழுதிக் குடுத்து நகல்ல சீல் வாங்கிக்குங்க, கெடு தேதிக்கு முன்னாடியே போங்க. சம்பாவுக்கு இன்சூரன்ஸ் கட்டியிருந்தா அது வேற, நிவாரணம் வாங்குனதால அது போயிராது. நெல்லுக்கு உங்க ஊர்ல அறுவடைச் சோதனை வச்சு வர்ற மகசூல வச்சுக் கணக்கு போடுவாங்க, பயிர் இன்சூரன்ஸ் உதவி எண் 14447-க்கு அடிச்சு விசாரிங்க.

குத்தகை நிலம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். பாடுபட்டது நீங்க, பட்டா அவர் பேர்ல இருக்கறதால பணம் அங்க போயிருக்கலாம். விஏஓகிட்ட பட்டியல்ல யார் பேர் இருக்குன்னு பாருங்க, நிலத்துக்காரர் பேர் இருந்தா இந்த வருஷக் குத்தகைல அந்த 10 ஆயிரத்துச் சொச்சத்தக் கழிக்கச் சொல்லித் தன்மையாக் கேளுங்க. அடுத்த போகத்துக்கு அடங்கல்ல, அதாவது விஏஓ எழுதற சாகுபடிக் கணக்குல, சாகுபடி செய்யறவரா உங்க பேர் ஏறணும், இதுக்கு மட்டும் எத்தனை தடவ வேணா நடங்க.

வயல்ல ஆத்து மணல் 3 அங்குலத்துக்கு மேல ஏறிக் கெடக்குதான்னு நீங்க எழுதல. கெடந்தா மணல் அள்ள சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18 ஆயிரம் வரைக்கும் 2022-26 பேரிடர் நிதி விதில தனியா இருந்துச்சு. ஜேசிபி விடறதுக்கு முன்னாடி ஸ்கேல் ஊனி போட்டோ எடுத்து, விஏஓவ நேர்ல கூட்டிட்டு வந்து காட்டிருங்க.