விளிம்பில் ஒளிந்திருக்கும் 12 சென்ட்

நகை: வாசகர் கேள்வி – பதில்

மகள் கல்யாணத்துக்கு ஒரு காரட் வைர மோதிரக் கல் பார்த்தோம். கோவையில் ஒரு கடையில் இரண்டு வட்டக் கல் காட்டினார்கள். எடை, நிறம், சுத்தம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒன்று விலை குறைவு. அதன் ஜிஐஏ (வைரத்துக்குத் தரச் சான்று தரும் அமெரிக்க நிறுவனம்) ரிப்போர்ட்டில் கிர்டில் ‘திக் டு வெரி திக்’ என்று இருக்கிறது. மற்றதில் ‘தின் டு மீடியம்’. தடிமனாக இருந்தால் உடையாது, அதையே வாங்கு என்கிறான் என் தம்பி. இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா, ஐயா?
– வாசகி, கோபிசெட்டிப்பாளையம்

தம்பி சொல்வது பாதி சரிங்க அம்மணி. எளிதில் உடையாது. ஆனால் அந்தத் தடிமனுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

மேல்பட்டைகளும் கீழ்ப்பட்டைகளும் சந்திக்கிற ஓரம்தான் கிர்டில், நாணயத்துக்கு ஓரம் இருப்பது மாதிரி. மோதிரத்தின் ப்ராங், அதாவது கொக்கி, கல்லைப் பிடிப்பது அங்கேதான், அடி படுவதும் அங்கேதான். மேலிருந்து பார்த்தால் அதன் தடிமன் கண்ணில் படாது. எடையில் மட்டும் ஏறிக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக வெட்டிய ஒரு காரட் வட்டக் கல் 6.4 முதல் 6.5 மி.மீ. அகலம் இருக்கும். அந்த அகலத்துக்கு ஓரத்தில் 0.2 மி.மீ. தடிமன் கூடினாலே ஏறக்குறைய 12 சென்ட் (நூறு சென்ட் ஒரு காரட்) எடை அதற்குள் போய்விடுகிறது. மொத்த எடை ஒரு காரட்டாகவே இருந்தால் அகலம் சுருங்கித்தானே ஆக வேண்டும்? ரசீதில் ஒரு காரட், விரலில் 88 சென்ட் கல்லின் பார்வை. சூரத்தில் பட்டை தீட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 95 சென்ட்டில் முடிய வேண்டிய கல்லின் ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தால் ஒரு காரட்டைத் தொட்டுவிடும். தொட்டதும் காரட் விலையே ஒரு படி ஏறும். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல மாட்டேன். அதை நம் தலையில் கட்டும்போது மட்டும் உஷாராக இருக்க வேண்டும்.

சரி, எப்படிப் பார்ப்பது? கல்லைப் பதிப்பதற்கு முன்பே, தனிக் கல்லாகக் காட்டச் சொல்லுங்கள். துணியால் நன்றாகத் துடைத்து, சாமணத்தின் ஒரு முனை மேலே தட்டையான ‘டேபிள்’ பட்டையிலும் மறுமுனை அடியில் கூரிலும் படும்படி பிடித்தால் ஓரம் முழுக்கத் தெரியும். பின்னால் ஒரு வெள்ளைத் தாள். பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கல்லை லென்ஸுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். பலர் லென்ஸைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தலையைத் தூரத்தில் வைத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஓரம் நேர்கோடாக இருக்காது. அலை அலையாக இருக்கும். வட்டக் கல்லில் 16 மேடு, 16 பள்ளம். நீங்கள் பார்க்க வேண்டியது பள்ளத்தை. மேட்டைப் பார்த்து முடிவு செய்தால் எந்தக் கல்லும் தடிமனாகத்தான் தெரியும். பள்ளத்தில் இரண்டு பக்கப் பட்டைகளும் கத்திமுனையாக முட்டிக்கொண்டால் ‘எக்ஸ்ட்ரீம்லி தின்’. லென்ஸில் ஒரு மெல்லிய கோடு தெரிந்து, வெறும் கண்ணுக்கு இருக்கிறதா இல்லையா என்று பட்டால் ‘தின்’. லென்ஸில் தெளிவான கோடு, வெறும் கண்ணுக்கு மெல்லிய கோடு என்றால் ‘மீடியம்’. லென்ஸே இல்லாமல் நாடா மாதிரி அகலமாகத் தெரிகிறதா? எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம்.

ஒரே இடத்தைப் பார்த்து நிறுத்திவிடாமல் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒழுங்காகவும் எதிர்ப்பக்கம் பருத்தும் இருக்கிற கல் நிறைய உண்டு. ரிப்போர்ட்டில் ‘தின் டு மீடியம்’ என்று இரண்டு வார்த்தை போடுவது இதனால்தான்: மிக மெல்லிய பள்ளம் ஒன்று, மிகத் தடித்த பள்ளம் இன்னொன்று. இன்னொரு விஷயம், மெருகேற்றாத ஓரம் மங்கல் வெள்ளையாக இருப்பதால் இருப்பதைவிடத் தடிமனாகத் தோன்றும். பட்டை போட்ட ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், அதில் கண் ஏமாறும். இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். அதே ஓரத்தில் ரிப்போர்ட் எண்ணை லேசரில் பொறித்திருந்தால் அதையும் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

மெல்லிய ஓரம் என்றால் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. வைரத்தைவிடக் கடினமான கல் இல்லை என்றாலும் நான்கு திசைகளில் அது பிளக்கும். கத்திமுனை ஓரத்தில் ஓர் அடி சரியாக விழுந்தால் சில்லு பெயரும். ‘தின்’ வரை வந்துவிட்டால் அந்தக் கவலை குறைவு. உங்களுக்குக் காட்டிய ‘தின் டு மீடியம்’ கல் மோதிரத்துக்குத் தாராளமாகப் போதும். கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது மட்டும் மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

விலை குறைந்த கல்லின் ரிப்போர்ட்டில் வெட்டுக்கு என்ன தரம் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். வட்டக் கல்லுக்கு ஜிஐஏ ‘எக்ஸலன்ட்’ போட வேண்டுமென்றால் ஓரம் ‘தின்’ முதல் ‘ஸ்லைட்லி திக்’ வரைக்குள் இருக்க வேண்டும். ‘வெரி திக்’ அதில் வராது. அந்தக் கல்லை 88 சென்ட் கல்லின் விலைக்குக் கொடுத்தால் யோசிக்கலாம். கொடுக்க மாட்டார்கள்.

ரிப்போர்ட்டில் கிர்டில் ‘மீடியம்’ என்று போட்டு, பக்கத்தில் 3.5% என்றும் இருக்கிறது. எதை நம்புவது?
– வாசகர், கரூர்

இரண்டையும் நம்பலாம். வார்த்தை பள்ளத்தைப் பார்த்துச் சொல்வது. சதவீதம் மேடுகளில் அளந்த சராசரி, கல்லின் அகலத்துக்கு இத்தனை பங்கு என்று. 6.5 மி.மீ. கல்லில் 3.5% என்றால் மேட்டில் 0.23 மி.மீ. நான் வார்த்தையைத்தான் முதலில் படிப்பேன். சில்லு பெயரும் ஆபத்து மெல்லிய இடத்தில்தானே இருக்கிறது?

அமுச்சியின் ஏழு கல் வைரத் தோடு என்னிடம் வந்திருக்கிறது. பின்பக்கம் மூடிய வேலைப்பாடு. கல்லின் ஓரம் எப்படி என்று பார்க்க வழி உண்டா?
– வாசகி, பொள்ளாச்சி

கல்லைக் கழற்றாமல் முடியாது. சுற்றிலும் தங்கம் ஏறி ஓரத்தை மூடியிருக்கும். விற்கப் போவதில்லை என்றால் கழற்றவே வேண்டாம். பழைய கல்லில் ஓரம் எங்கே மெலிந்திருக்கிறதோ தெரியாது, நெம்பும்போது அங்கேதான் பெயரும். பதித்த கல்லுக்குக் கடையில் யாராவது எடை சொன்னால் அது அளவை வைத்துப் போட்ட மதிப்பீடு. ஓரம் தெரியாமல் அதைத் துல்லியமாகச் சொல்ல ஆளில்லை.

சங்கிலி டாலரில் பதிக்க வாங்கிய பேர் ஷேப் (பேரிக்காய் வடிவ) கல்லில் கூர்முனைப் பக்கம் மட்டும் ஓரம் தடித்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா, அண்ணா?
– வாசகர், திருப்பூர்

இல்லைங்க தம்பி. கூர்முனை உள்ள வடிவங்களில் முனை உடையாமல் இருக்க அங்கே தடிமன் விடுவது வழக்கம். சுற்றிலும் அதே தடிமன் என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும். அந்த முனையை ‘வி’ வடிவ ப்ராங் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல் பதிக்கிற ஆசாரியிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.